முதலில் நாட்காட்டி, பிறகு ரத்தம், கடைசியில்தான் ஸ்கேன்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு ஊர் பள்ளத்தூர். மகளுக்கு 19 வயது, காரைக்குடியில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். 13 வயதில் பெரிய மனுஷியானாள். நாலு வருஷம் மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. இப்போது ஒன்றரை வருஷமாக 45 நாள், 60 நாள் என்று தள்ளிப் போகிறது. இந்தத் தடவை 70 நாள் ஆகியும் குளிக்கவில்லை. எடை 8 கிலோ கூடிவிட்டது. தாடையில் நாலைந்து முடி தடிப்பாக வருகிறது, பிடுங்கிவிடுகிறாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது. ஸ்கேன் எடுத்தோம். இரண்டு பக்கமும் நீர்க்கட்டி, பிசிஓடி என்று சொல்லி மூன்று மாதத்துக்கு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் அட்டையைப் பிரிக்கவில்லை. ரத்தத்தில் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டு மட்டும் பார்த்துவிட்டு, விகிதம் கூடுதல் என்றார்கள். உள்வழியாக இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். கல்யாணமாகாத பிள்ளைக்கு அது எப்படி? தையில் பேசி முடிக்கலாம் என்றிருந்தோம். "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டாதே" என்கிறார் என் ஆத்தா. இவளுக்குக் குழந்தை பிறக்குமா? ரிப்போர்ட் நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றது எதுவும் உங்கள் மனதில் ஏறாது. உங்கள் மகளுக்குக் குழந்தை பிறக்காது என்று அந்த ரிப்போர்ட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. நாளைக்கே பிசிஓஎஸ் (நீங்கள் பிசிஓடி என்று எழுதியதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம்) என்று உறுதியானாலும் அதே பதில்தான். இந்தப் பிரச்சினை உள்ள பெண்களில் பெரும்பாலானவர்கள் தாயாகிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும், சிலருக்கு முட்டை வெளிவர உதவும் லெட்ரோசோல் போன்ற மாத்திரை தேவைப்படும். முட்டை அவர்களிடம் நிறையவே இருக்கிறது, மாதாமாதம் வெளிவருவதில்தான் சுணக்கம்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நகலை மேசை விளக்கின் கீழ் வைத்து இரண்டு முறை படித்தேன். வலது சினைப்பை 3.6 × 2.4 × 2.2 சென்டிமீட்டர். இடது 3.4 × 2.3 × 2.1. "ஓரத்தில் பல சிறு முட்டைப்பைகள்" என்று ஒரு வரி. அதன் கீழே தடித்த எழுத்தில் "இருபக்கப் பாலிசிஸ்டிக் சினைப்பைகள்". எத்தனை முட்டைப்பை என்ற எண்ணிக்கை இல்லை. சினைப்பையின் கொள்ளளவும் போடவில்லை. அதை நாமே போட்டுவிடலாம். மூன்று அளவையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்க வேண்டும். வலதுக்கு 9.9 மில்லி, இடதுக்கு 8.5 மில்லி வருகிறது. வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுக்கும் ஸ்கேனில் முக்கியமாகப் பார்ப்பது ஏதாவது ஒரு சினைப்பையாவது 10 மில்லி அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்பதைத்தான். அந்தக் கோட்டை உங்கள் மகளின் இரண்டு சினைப்பையும் தொடவில்லை. அடியில் போட்ட முடிவை மேலே இருக்கும் எண்களே தாங்கிப் பிடிக்கவில்லை, ஆச்சி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவள் பெரிய மனுஷியாகி ஆறு வருஷம்தான் ஆகிறது. முதல் மாதவிலக்கிலிருந்து எட்டு வருஷம் முடியும்வரை பிசிஓஎஸ்ஸை முடிவுசெய்ய ஸ்கேனை ஆதாரமாக எடுக்கக் கூடாது என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. 2018இல் வந்தது, 2023இல் புதுப்பித்தபோதும் அப்படியே இருக்கிறது. காரணம் எளிது. அந்த வயதில் ஆரோக்கியமான பிள்ளைகளின் சினைப்பையிலும் ஏராளமான முட்டைப்பைகள் தெரியும், சினைப்பையும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். உங்கள் மகளுடன் பஸ்ஸில் போகிற சிநேகிதிகளை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுத்தால், ஒழுங்காக மாதவிலக்கு வருகிற பிள்ளைகளிலும் சிலருக்கு இதே வரி ரிப்போர்ட்டில் வரும். உங்கள் மகளுக்கு 21 வயதாகும்வரை ஸ்கேன் படத்துக்கு இந்த வழக்கில் சாட்சி சொல்லும் தகுதி இல்லை.

அப்புறம், "நீர்க்கட்டி" என்ற சொல். நம் ஊரில் "கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" என்றே சொல்கிறார்கள். அவை கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில் இருக்கின்றன. அவை கட்டியும் இல்லை. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள் அவை. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். திரையில் பார்த்தால் நம் வீட்டுப் பணியாரச் சட்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். சாம்பல் நிற நடுப்பகுதி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புக் குழிகள். ஒழுங்காக நடக்கும் மாதத்தில் அவற்றில் ஒன்று மட்டும் 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ்ஸில் எல்லாக் குழியிலும் மாவு ஊற்றியாகிவிட்டது, ஒன்றும் வெந்து வரவில்லை. அறுத்து எடுக்கவோ மருந்து கொடுத்துக் கரைக்கவோ அங்கே எதுவும் இல்லை. "கட்டி கரையும் லேகியம்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

1935இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த நோய்க்கு ஸ்டெயின் லெவந்தால் என்ற பழைய பெயர் வந்தது. சினைப்பை பெரிதாக, பல பைகளோடு இருந்தது அவர்கள் கண்ணில் பட்டது. பெயர் அதிலேயே நின்றுவிட்டது. பெயரில் சினைப்பை இருப்பதால் எல்லோரும் சினைப்பையையே படம் பிடிக்க ஓடுகிறார்கள். உண்மையில் இது உடம்பு முழுக்க நடக்கும் ஹார்மோன் கோளாறு. ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன் கூடுகிறது. பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சினைப்பையில் தெரிவது அதன் விளைவு.

2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த கணக்கைத்தான் இன்றும் அடித்தளமாக வைத்திருக்கிறோம். மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம். இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், அதோடு இதே மாதிரி தோற்றம் தரும் வேறு நோய்கள் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். வளர்ந்த பெண்களுக்கு இது. உங்கள் மகளின் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவதை எடுத்துவிடுகிறோம். முதல் இரண்டும் கட்டாயம் இருந்தாக வேண்டும்.

முதலாவது அவளுக்கு இருக்கிறது. பெரிய மனுஷியாகி மூன்று வருஷம் கடந்த பிறகு 21 நாளுக்குள் வந்தாலோ, 35 நாளைத் தாண்டினாலோ, வருஷத்தில் எட்டு முறைக்குக் குறைவாக வந்தாலோ அது ஒழுங்கின்மைதான். ஆனால் "45 நாள், 60 நாள்" என்பது உங்கள் ஞாபகக் கணக்கு. எனக்குத் தேதிகள் வேண்டும். என்னிடம் ஓர் அம்மா தினசரி நாட்காட்டித் தாள்களைக் கிழித்து, மகள் குளித்த நாள்களை மட்டும் நூலில் கோத்துக் கொண்டுவந்தார். ஒரு வருஷத்துக்கு ஆறே தாள். எந்த ஸ்கேனும் அவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாவதுதான் இப்போது கேள்வி. ஆண்ட்ரோஜன் கூடுதலா? அதற்கு முதல் கருவி மருத்துவரின் கண். மேலுதடு, தாடை, நெஞ்சு, மேல்வயிறு, அடிவயிறு, மேல்கை, தொடை, மேல்முதுகு, கீழ்முதுகு என்று ஒன்பது இடங்களில் தடித்த முடி எவ்வளவு என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவோம். கூட்டினால் 4 முதல் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கணக்கில் எடுப்போம். பூனைமுடி சேராது. தாடையில் நாலைந்து முடி மட்டும் என்றால் அந்த அளவைத் தொடாது. ஆனால் பிள்ளைகள் அம்மாவிடம் காட்டும் இடம் தாடை மட்டும்தான். நெஞ்சிலும் தொப்புளுக்குக் கீழேயும் இருப்பதை யாரிடமும் சொல்வதில்லை. மருத்துவரிடம் போவதற்கு முன்பு சில வாரங்களுக்குத் திரெடிங், பிடுங்குதல், வாக்ஸிங் எதுவும் வேண்டாம். நமக்குக் கூச்சமாக இருப்பது மருத்துவருக்குத் தடயம்.

அடுத்து ரத்தம். எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் மூளையடிச் சுரப்பியிலிருந்து சினைப்பைக்குக் கட்டளை கொண்டுவரும் ஹார்மோன்கள். அவற்றின் விகிதம் என்பது நான் படித்த காலத்துப் பாடம். இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்தோம். உடல் எடை, எடுத்த நாள், எடுத்த நேரம் எல்லாவற்றுக்கும் அது மாறும். இன்றைய கணக்கில் அதற்கு இடமே இல்லை. எஃப்.எஸ்.எச். வேறொன்றுக்கு உதவும். சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிட்டதா, மூளையிலிருந்து வரும் கட்டளை குறைந்திருக்கிறதா என்று அது காட்டும். அதற்காக அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பார்க்க வேண்டியது ஆண்ட்ரோஜன்களில் முக்கியமான டெஸ்டோஸ்டிரோன். மொத்த அளவு மட்டும் போதாது. ரத்தத்தில் இந்த ஹார்மோனின் பெரும்பங்கு எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தின் தோளில் ஏறிப் போகிறது. உடம்பில் வேலை செய்வது அதிலிருந்து கழன்ற சிறு பகுதிதான். எடை கூடி இன்சுலின் கூடினால் அந்தப் புரதம் குறையும். அப்போது மொத்த அளவு சரியாக இருந்தாலும் கழன்றது கூடுதலாக இருக்கும். ஆகவே இரண்டையும் அளந்து கணக்குப் போட வேண்டும். "ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்" என்று நேரடியாக அளந்து தரும் சாதாரணக் கிட்களை நான் நம்புவதில்லை. அந்த எண்கள் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன. பிசிஓஎஸ்ஸில் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம்தான் கூடும். பல மடங்கு கூடினாலோ, சில மாதங்களுக்குள் குரல் தடித்து முடி மளமளவென்று வளர்ந்தாலோ சினைப்பையிலோ சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே தேட வேண்டும்.

இங்கேதான் அந்த மாத்திரை அட்டை. நீங்கள் இன்னும் பிரிக்காதது நல்லதாகப் போயிற்று. அது தவறான மருந்து இல்லை. பிசிஓஎஸ் உறுதியானால், தலைவலி, ரத்த உறைவு போன்ற சங்கதிகளை விசாரித்துவிட்டு நானும் அதையே எழுதலாம். ஆனால் அதைச் சாப்பிடத் தொடங்கினால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், எஸ்.எச்.பி.ஜி. ஏறும், ரத்தம் உண்மையைச் சொல்லாது. பிறகு சோதிக்க வேண்டுமென்றால் மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய், "முதலில் ரத்தம் எடுத்துக்கொள்ளலாமா" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். முடி கொட்டுகிறது என்று அவள் பயோட்டின் மாத்திரை போடுகிறாளா என்றும் கேளுங்கள். அதுவும் பல ஹார்மோன் சோதனைகளின் எண்களைக் குழப்பும்.

ஆண்ட்ரோஜனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை மூன்று. தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், அட்ரீனல் கோளாறைக் காட்டும் 17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் கையால் நடந்த ஒரு தவறு. தனியாகப் பார்க்கத் தொடங்கிய புதிதில் 22 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மாதவிலக்கு தள்ளிப் போகிறது, எடை கூடியிருக்கிறது. ஸ்கேனைப் பார்த்ததும் பிசிஓடி என்று எழுதிவிட்டேன். எட்டு மாதம் நடக்கச் சொன்னேன், சோற்றைக் குறைக்கச் சொன்னேன். அவளும் வாயைக் கட்டி அழுதுகொண்டே நடந்தாள். எடை இறங்கவில்லை. "நீ ஒழுங்காகச் செய்யவில்லை" என்று ஒருநாள் கடிந்தும் பேசினேன். அடுத்த முறை அவள் அம்மா போகிற போக்கில் சொன்னார்: "சித்திரை வெயிலில் போர்வை கேட்கிறாள் டாக்டர்." அன்றுதான் டி.எஸ்.எச். பார்த்தேன். தைராய்டு சுரப்பு மோசமாகக் குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதத்தில் மாதவிலக்கு ஒழுங்கானது. மறுபடி எடுத்த ஸ்கேனில் சினைப்பை இயல்பாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு டி.எஸ்.எச். சோதனைக்கு ஆகும் செலவில் எட்டு மாத அழுகை மிச்சமாகியிருக்கும்.

17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் நம் பக்கத்தில் இன்னும் முக்கியம். அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருந்தால் வெளியே பிசிஓஎஸ் மாதிரியே தெரியும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது உண்டாகும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் கட்டிக்கொள்கிற குடும்பங்களில் அதற்கு வாய்ப்புக் கூடுதல். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சொந்தமா என்று எழுதவில்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த ரத்தத்தைக் காலை 8 மணி வாக்கில், குளித்த 2 முதல் 5ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது. உங்கள் மகளுக்கு 70 நாளாக வராததால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கூடவே புரொஜெஸ்டிரோனையும் அளந்தால் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று புரிந்துவிடும்.

இன்னொரு சோதனையும் செய்வார்கள். சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் மறைக்கப் போவதில்லை. சிறுநீரில் கர்ப்பச் சோதனை. மாதவிலக்கு தள்ளிப் போய் வருகிற எல்லாப் பெண்களுக்கும் நான் செய்கிறேன், படிக்கிற பிள்ளை, கைம்பெண், யாராக இருந்தாலும். யார் மீதும் சந்தேகப்பட்டு இல்லை. அதைப் பார்க்காமல் ஹார்மோன் மாத்திரை கொடுப்பது மருத்துவரின் பொறுப்பின்மை.

கழுத்துக் கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறீர்களா? வேண்டாம், அது அழுக்கு இல்லை. இன்சுலின் கூடுதலாகச் சுரப்பதன் அடையாளம் அது. ஆகவே சர்க்கரை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ரத்தம். இரண்டாவது எண் 140ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 200ஐத் தொட்டால் நீரிழிவு என்ற சந்தேகம், உறுதி செய்ய வேண்டும். இன்சுலின் அளவைத் தனியாகப் பார்க்கச் சொல்லி யாராவது பட்டியல் நீட்டினால் அந்தப் பணம் வீண். ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் என்று நாம் கிண்டித் தரும் கும்மாயமும் களியும் நல்ல பண்டங்கள்தான், உளுந்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். தினமும் இடைப்பலகாரத்துக்கு அது என்றால், வகுப்பிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்தே இருக்கிற உடம்புக்குத் தாங்காது.

உள்வழி ஸ்கேன் இப்போது தேவையே இல்லை. வளர்ந்த, தாம்பத்தியம் உள்ள பெண்ணுக்கு அதில்தான் படம் தெளிவாக வரும். புதிய கருவிகளில் ஒரு சினைப்பையில் 20 முட்டைப்பை எண்ண முடிந்தால்தான் கணக்கு. 2003இல் இந்த எண் 12 ஆக இருந்தது, கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக 12 எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. முட்டைப்பைகள் சுரக்கும் ஒரு ஹார்மோனை அளக்கும் ஏ.எம்.எச். என்ற ரத்தச் சோதனையையும் சிலர் சொல்வார்கள். 2023இலிருந்து வளர்ந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகளின் கட்டத்தில் அதுவும் செல்லாது.

அப்படியென்றால் ஸ்கேனே வீணா என்றால், இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்று அதில் பார்க்கலாம். அமைப்பில் பிறவிக் குறை, வேறு உண்மையான கட்டி இருந்தால் தெரியும். மறுபடி எடுக்க நேர்ந்தால், தண்ணீர் நிறையக் குடித்துச் சிறுநீர்ப்பை முட்டிய பிறகே படுக்கச் சொல்லுங்கள். பெஞ்சில் நெளிந்துகொண்டு காத்திருப்பது கஷ்டம்தான், ஆனால் பை நிரம்பாவிட்டால் குடல் குறுக்கே வந்து சினைப்பையை மறைக்கும். சுவரில் "கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கூறுவது சட்டப்படி குற்றம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இங்கே கர்ப்பிணிகள்தானே வருவார்கள் என்று பிள்ளை கூசும். எல்லா ஸ்கேன் மையத்திலும் சட்டப்படி அந்தப் பலகை இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

ரத்தச் சோதனையில் ஆண்ட்ரோஜன் கூடியிருந்து, டி.எஸ்.எச். முதலான மற்ற மூன்றும் சரியாக இருந்தால், ஸ்கேன் என்ன சொன்னாலும் பிசிஓஎஸ்தான். அப்போது சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம். ஆண்ட்ரோஜன் கூடவில்லையென்றால் "பிசிஓஎஸ் வர வாய்ப்புள்ளவள்" என்று மட்டும் எழுதி வைத்து, இருக்கிற தொந்தரவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு 21 வயதில் மறுபடி பார்ப்போம். எப்படியிருந்தாலும் 90 நாளுக்கு மேல் குளிக்காமல் விடாதீர்கள். உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது பின்னால் ஆபத்து. ரத்தம் எடுத்த பிறகு சில நாள் மாத்திரையில் மாதவிலக்கை வரவழைத்துவிடலாம். அவளுக்கு இன்னும் 20 நாள்தான் இருக்கிறது, இந்த வாரமே போங்கள்.

உங்கள் ஆத்தா சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன். கல்யாணத்தால் ஹார்மோன் மாறாது. உறுதியாகாத ஒரு பெயரைச் சம்பந்தி வீட்டில் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. உறுதியான பிறகு யாரிடம் சொல்வது என்பது உங்கள் மகளின் முடிவு, அவள் உடம்பு அது. தையில் பேசி முடிப்பதையும் அவளிடமே கேளுங்கள். இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை, இந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயந்து அவசரமாகக் கட்டிக்கொடுக்க ஒரு காரணமும் நான் காணவில்லை. அவள் சாப்பிடாமல் கிடக்கிறாளா, தூங்காமல் இருக்கிறாளா, கண்ணாடியைப் பார்க்க மறுக்கிறாளா என்று கவனியுங்கள். இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளை மனச்சோர்வு எளிதில் பிடிக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லலாம்.

மருத்துவரிடம் போகும்போது தேதிகள் எழுதிய தாள், பழைய ரிப்போர்ட், பிரிக்காத அந்த அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள். முதல் பத்து நிமிஷம் மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவளைத் தனியாகப் பேச விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர், காரைக்குடி